ஒரு வரிக்கு ஓர் உரை: சர்வரை நிறுத்தும் கட்டளை

மூலம்

சூடோ ஷட்டவுன் -எச் +15 "சர்வர் நிற்கப் போகிறது, சேவ் செய்துவிட்டு வெளியே வாருங்கள்"

திரையில் இதை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். படிக்கத் தோதாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஐந்தே உறுப்புகள் கொண்ட வரி. செஞ்சிக்கு வடமேற்கே, மேல்மலையனூர் வட்டத்தில் உள்ள அவலூர்பேட்டையில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவன் நான். அங்கே இந்த வரியை எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். அடிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். அதன் ஒவ்வொரு சொல்லும் யாருக்காக நிற்கிறது என்று சொல்லித்தருகிறவர்கள் குறைவு. அதனால் இந்த உரை.

எங்கள் சென்டரில் சர்வர் ஒன்று, திரைகள் பன்னிரண்டு. பன்னிரண்டும் தனித்தனிக் கம்ப்யூட்டர் போலத் தோன்றும். ஆனால் எதற்குள்ளும் ஹார்டு டிஸ்க் கிடையாது. வேலை நடப்பதும் ஃபைல் கிடப்பதும் மூலையில் இருக்கும் அந்த ஒரே பெட்டியில்தான். ஒரு பெட்டியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாடு புதிதல்ல. 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் என்ற இயங்குதளம் இந்த வழியில் வளர்ந்தது. எங்கள் சர்வரில் ஓடும் லினக்ஸ் அதே வழியில் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை அரசு மடிக்கணினிகளில் பார்த்த பிள்ளைகள் நம் ஊர்ப்பக்கம் நிறைய உண்டு. விழுப்புரத்தில் வீகிளக் என்ற லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலராவது நாளை ஒரு சர்வருக்குப் பொறுப்பாவார்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

சூடோ

அதிகாரம் கேட்கும் சொல். 'தலைமைப் பயனராக நின்று இதைச் செய்' என்பது பொருள். 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோவில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் கோகெஷல், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் எழுதியது. தலைமைப் பாஸ்வேர்டைப் பலருக்கும் சொல்லிவைத்தால், யார் எதைச் செய்தார் என்று பிறகு கேட்க முடியாது. சூடோவில் அவரவர் தம் பாஸ்வேர்டையே கொடுத்து, தமக்கு அனுமதி உள்ளதை மட்டும் செய்யலாம். எந்த நேரத்தில் எந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்பதும் பதிவாகும். பன்னிரண்டு பேரின் வேலையை நிறுத்துகிறவர் பெயர் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது இந்தச் சொல்லின் உட்கருத்து.

ஆனால் சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சுக்கு சூடோ கிடையாது. அது யார் கைக்கும் எட்டும்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், மாலை ஆறு மணிக்கு எல்லா விளக்குகளையும் அணைக்க வேண்டும் என்று காவலருக்கு உத்தரவு. ஒரு நாள் வந்தவர் புதியவர். விளக்கோடு சேர்த்து மெயினையும் இறக்கிவிட்டார். உள்ளறையில் மூன்று பேர் அன்றைய ரசீதுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய யுபிஎஸ் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. மறுநாள் காலை சர்வர் எழுந்திருக்க மறுத்தது. டிஸ்க்கைச் சரிபார்க்கும் வரிகள் திரையில் ஓடிக்கொண்டே இருந்தன. எழுந்தபோது கணக்கு ஃபைல் பாதியில் அறுந்து கிடந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, அடிக்கட்டைகளைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினோம். அந்தக் காவலரைத் திட்டினார்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் மூன்று பேரின் வேலை இருக்கிறது என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. தப்பு, சொல்லாமல் விட்ட எங்கள் மேல்.

ஷட்டவுன்

கடை ஷட்டரை இறக்குவதை நினைத்துக்கொண்டால் போதும். பவராஃப், ஹால்ட், ரீபூட் என்று வேறு கட்டளைகளும் இருக்கின்றன. அவை கொடுத்த உடனே வேலையைத் தொடங்கிவிடும். இத்தனை மணிக்கு, இன்ன காரணத்துக்காக என்று முன்கூட்டிச் சொல்லி நிறுத்துவதற்கென்றே இருப்பது ஷட்டவுன். அதனால்தான் இந்த இடத்தில் இந்தச் சொல்.

-எச்

ஹால்ட் என்பதன் முதலெழுத்து. நிறுத்து என்று பொருள். ஒரு காலத்தில் இயந்திரம் நின்றுவிடும், கரண்ட் போகாது. கையால்தான் சுவிட்சை அணைக்க வேண்டும். விண்டோஸ் 95 வைத்திருந்தவர்களுக்கு, 'இனி அணைக்கலாம்' என்று ஆரஞ்சு எழுத்தில் வந்து நிற்கும் திரை ஞாபகம் இருக்கும். இன்றைய லினக்ஸில் -எச் கொடுத்தால் கரண்டும் தானாகவே துண்டிக்கப்படும். -எச் இருக்கும் இடத்தில் -ஆர் வந்தால் மறுபடி எழும். இவ்வளவுதான்.

+15

உரையின் நடு இது.

பதினைந்து நிமிடம் கழித்து என்று பொருள். இங்கே ஒரு பாடபேதம் உண்டு. பல கையேடுகளில் +15 இருக்கும் இடத்தில் 'நவ்', அதாவது 'இப்போதே' என்று காணப்படும். தனி ஒருவர் தன் மேசையில் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்தப் பாடம் பொருந்தும். பலர் உட்கார்ந்திருக்கும் சர்வருக்கு அது கொள்ளத்தக்க பாடம் அன்று. கையேட்டைப் பார்த்து அப்படியே அடிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. கையேடு எழுதியவர் முன்னால் பன்னிரண்டு திரை இருந்திருக்காது.

ஏன் பதினைந்து? பத்தாகவோ ஐந்தாகவோ ஏன் இருக்கக்கூடாது? காரணம், கடைசி ஐந்து நிமிடத்தில் சர்வர் வாசலை மூடிவிடும். 'நோலாகின்' என்று ஒரு சிறு ஃபைலை அது தானே உண்டாக்கிக்கொள்ளும். அது இருக்கும்வரை புதிதாக யாரும் லாகின் செய்ய முடியாது, தலைமைப் பயனரைத் தவிர. உள்ளே இருப்பவர்களை அது தொடாது. இரவில் மளிகைக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பார், பார்த்திருப்பீர்கள். உள்ளே நிற்கிறவர்களுக்குச் சாமான் கட்டிக்கொண்டிருப்பார். குனிந்து நுழையப் பார்க்கிறவரிடம் 'நாளைக்கு வாங்க' என்பார். அந்தப் பாதி ஷட்டர்தான் இந்த ஃபைல். +15 என்று கொடுத்தால் பத்து நிமிடம் முழுக்கதவும் திறந்திருக்கும், ஐந்து நிமிடம் பாதி. +5 என்று கொடுத்தால் தொடக்கத்திலேயே பாதிதான்.

எங்கள் ஊர்ப்பக்கம் இந்த எண்ணை முடிவு செய்வதில் மின்வாரியத்துக்கும் பங்கு உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளை முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுவார்கள். அந்த நாளில் காலை 9 மணிக்குக் கரண்ட் போகும் என்றால், 8.30-க்கே இந்த வரியை அடித்துவிடலாம். +15 என்பதற்குப் பதிலாக 8:45 என்று மணியையே கொடுக்கவும் இந்தக் கட்டளையில் இடமுண்டு.

சொல்லாமல் போகும் கரண்ட்தான் சிக்கல். யுபிஎஸ் கத்தத் தொடங்கும். வாங்கிய புதிதில் எங்கள் யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கியது. நம் ஊர் வெயிலில் லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. இரண்டு கோடை தாண்டிய பிறகு, கத்தத் தொடங்கிய பத்தாம் நிமிடமே மூச்சை விட்டுவிடுகிறது. அந்த நிலையில் +15 அடிப்பது, முடியாத கெடு கொடுப்பது. அப்போது +5 தான் சரி. ஆகவே இந்த எண்ணை மனப்பாடமாக அடிக்கக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது, யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். சர்வரில் அன்று முக்கியமான எதுவும் ஓடாது. அந்த எண்ணில் பாதிதான் நான் கொடுக்கும் கெடு.

அடித்து என்டர் தட்டியதும் இயந்திரம் இரண்டு விஷயம் சொல்லும். எத்தனை மணிக்கு நிற்கப் போகிறேன் என்பது ஒன்று. வேண்டாம் என்றால் 'ஷட்டவுன் -சி' கொடு என்பது மற்றொன்று. கெடுவைத் திரும்பப் பெறும் வழி அது. இதை நான் வெட்கப்படாமல் பயன்படுத்துகிறேன். ஒரு நாள் கடைசி வரிசையில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிராஜெக்ட் தட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் கையெழுத்துத் தாள்கள் விசிறி போல விரிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து, "சார், இன்னும் ரெண்டு பக்கம்தான் சார்" என்றாள். அன்று நிறுத்தக் காரணம், ஒரு சாதாரண மராமத்து. -சி கொடுத்தேன். எடுத்த முடிவு ரத்தானது என்ற செய்தியும் எல்லோருக்கும் தானாகவே போகும். அரை மணி கழித்து மறுபடி அடித்தேன். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

மேற்கோள் குறிக்குள் இருப்பது

இந்தக் கட்டளையின் இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி இங்கே இருக்கிறது. செய்தி சொல்ல விரும்பினால், அதற்கு முன் நேரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நேரம் இல்லாமல் செய்தி மட்டும் கொடுத்தால் கட்டளை ஏற்காது. செய்யுளில் உரைகாரர்கள் சொற்களை இடம் மாற்றிக் கொண்டுகூட்டிப் பொருள் கொள்வார்கள்; இங்கே அதற்கு இடமில்லை. முதலில் எப்போது, பிறகு என்ன.

அந்தச் செய்தி உள்ளே இருக்கும் எல்லோருடைய டெர்மினலிலும், அதாவது கட்டளை அடிக்கும் கருந்திரையிலும், போய் விழும். நேரம் நெருங்க நெருங்க அடிக்கடி விழும். இதில் இரண்டு குறை உண்டு. கருந்திரையில் தமிழ் எழுத்து சரியாக வராது. அதனால் நான் தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் அடிக்கிறேன், பிள்ளைகள் போனில் அனுப்புவது போல. 'சேவ் பண்ணிட்டு வெளிய வாங்க' என்று இருந்தால் ஆறாம் வகுப்புப் பையனும் படித்துவிடுகிறான்.

இரண்டாவது குறை பெரியது. செய்தி போய்ச் சேருவது டெர்மினலுக்கு மட்டுமே. லிப்ரெ ஆஃபீஸில் கடிதம் தட்டுகிறவர், படம் வரைகிறவர், டெர்மினலையே திறக்காதவர், இவர்கள் கண்ணில் அது படாமலே போகலாம். நிர்வாகி தன் திரையில் செய்தியைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார். சொன்னது உண்மை, அவர்களுக்குக் கேட்கவில்லை. ஆகவே செய்தியை அனுப்பிய பிறகு எழுந்து நிற்க வேண்டும். 'ஹூ' என்று ஒரு கட்டளை கொடுத்தால் யார் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். அதைக் கையில் குறித்துக்கொண்டு, வரிசை வரிசையாகப் போய், ஹெட்போன் மாட்டியிருப்பவர் தோளைத் தொட்டு, வாயால் சொல்ல வேண்டும். பட்டியலில் பெயர் இருந்து நாற்காலி காலியாக இருந்தால், டீ குடிக்கப் போனவரைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும். திரையை அணைத்துவிட்டுப் போனால் உள்ளே திறந்து வைத்தது மூடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நம்பி இருக்க முடியாது. லாக் அவுட் செய்யாமல் எழுந்துபோனவர் வேலை சர்வரில் அப்படியே திறந்து கிடக்கலாம்.

மூலத்தில் ஒரு குற்றமும் இருக்கிறது. எழுதியவன் நானே என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சர்வர் நிற்கப் போகிறது என்கிறது. எப்போது திரும்ப வரும் என்று சொல்லவில்லை. மின்வாரிய அறிவிப்பைப் பாருங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று இருக்கும். எந்தெந்த ஊர் என்று பெயர் வரிசை இருக்கும். அதைப் படித்துவிட்டு ஒரு வீட்டில் முதல் நாளே மாவு அரைத்து வைப்பார்கள், தொட்டியில் தண்ணீர் ஏற்றி வைப்பார்கள். திரும்பும் நேரம் தெரிந்தால்தான் மனிதர் காத்திருப்பதா, வீட்டுக்குப் போவதா என்று முடிவு செய்ய முடியும். 'பதினொரு மணிக்குத் திரும்ப வரும்' என்ற ஒரு தொடரை இனி சேர்த்துப் படிக்க.

எச்சம்

வரியில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கெடு முடிந்த நொடியிலிருந்து கரண்ட் துண்டிக்கப்படும் நொடிவரை உள்ளே என்ன நடக்கிறது என்பதே அது.

முதலில், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் 'முடித்துக்கொள்' என்று ஒரு சமிக்ஞை போகும். அதன் எண் 15. மூலத்தில் உள்ள +15-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தச் சமிக்ஞையைப் பெறும் நிரல் தன் ஃபைலை எழுதி மூடலாம், தற்காலிகக் குப்பையை அகற்றலாம், பிறகு விலகலாம். இன்றைய லினக்ஸ்களில் பலவற்றில் இதற்கு இயல்பாக 90 நொடி அவகாசம். அதற்குள் விலகாததற்கு 9 என்ற எண்ணுள்ள சமிக்ஞை போகும். அதை எந்த நிரலும் மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. அந்த இடத்திலேயே முடிவு. எடுத்த எடுப்பில் 9 கொடுத்துப் பழகியவர்கள் உண்டு. அது கெட்ட பழக்கம். முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறவனையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது அது.

தரவுத்தளங்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் மூன்று விதமாக நிற்கும். உள்ளே இருப்பவர்கள் தாமே போகும்வரை காத்திருந்து நிற்பது ஒன்று. நடக்கும் பரிமாற்றங்களைக் கைவிட்டு, இணைப்புகளைத் துண்டித்து, கணக்கை ஒழுங்காக மூடி நிற்பது மற்றொன்று. எதையும் மூடாமல் அப்படியே நிற்பது மூன்றாவது. அப்படி நின்றால் அடுத்த முறை எழும்போது பழைய பதிவேட்டைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொண்டுதான் வேலைக்கு வரும். வங்கிக் கிளைகளில் கம்ப்யூட்டர் நுழைந்த காலத்து ஊழியர்கள், சர்வரை நிறுத்தும் முன் 'டே எண்ட் போட்டாச்சா?' என்று கேட்பார்கள். அன்றைய கணக்கை மூடாமல் பெட்டியை மூடுவதில்லை என்ற ஒழுங்கு அது.

சேவைகள் தொடங்கிய வரிசைக்கு நேர் எதிராக நிற்கும். கட்டடம் முடிந்ததும் சாரத்தைக் கீழிருந்தா பிரிப்பார்கள்? கடைசியாகக் கட்டிய கயிற்றை முதலில் அவிழ்த்து, மேலிருந்து இறங்கிக்கொண்டே வருவார்கள். அப்படித்தான். தரவுத்தளத்தை நம்பி ஓடும் நிரல் முதலில் நிற்கும். தரவுத்தளம் அதன் பிறகு. அது எழுதும் டிஸ்க் எல்லாவற்றுக்கும் பின்.

டிஸ்க் கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் சேவ் கொடுத்ததும் எழுத்து நேராக டிஸ்க்குக்குப் போய்விடுவதில்லை. வேகத்துக்காக லினக்ஸ் அதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு எழுதும். இயல்பான அமைப்பில் அப்படி எழுதாமல் கிடப்பது 30 நொடிவரை நீளலாம். சேவ் செய்தேனே, எப்படிப் போனது என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த 30 நொடிக்குள் யாரோ சுவிட்சைத் தட்டியிருக்கிறார்கள். பழைய யூனிக்ஸ் நிர்வாகிகள் இயந்திரத்தை நிறுத்தும் முன் 'சிங்க்' என்ற கட்டளையைத் தனித்தனி வரியில் மூன்று முறை அடிப்பார்கள். நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளை அது. அந்நாளில் அது எழுதி முடிக்கும்வரை காத்திருக்காது, எழுதச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். மூன்று முறை அடிக்கப் பிடிக்கும் நேரத்தில் டிஸ்க் வேலையை முடித்துவிடும் என்பது கணக்கு. இன்று ஷட்டவுன் அதைத் தானே செய்து, ஃபைல் அமைப்பைக் கழற்றி, கழற்ற முடியாததைப் படிக்க மட்டும் என்று பூட்டி, அதன் பிறகே கரண்டைத் துண்டிக்கிறது.

'இப்போது ஜர்னல் உள்ள ஃபைல் அமைப்பு வந்துவிட்டதே, சுவிட்சை அணைத்தால் என்ன?' என்று ஒரு வாதம் உண்டு. டிஸ்க்கில் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடுதான் ஜர்னல். 2001-ல் லினக்ஸின் மூலத்தில் சேர்ந்த எக்ஸ்ட்3-யில் ஜர்னல் இருக்கிறது. 2008-ல் வந்த எக்ஸ்ட்4-லும் இருக்கிறது. ஆனால் அது முதன்மையாகக் காப்பது டிஸ்க்கின் சட்டகத்தை. அலமாரி உடையாமல் இருக்கும். அதில் நீங்கள் வைக்கப்போன தாள் கையிலேயே எரிந்துபோயிருக்கும். அந்தப் பெண் தட்டிய கடைசி இரண்டு பக்கத்தை எந்த ஜர்னலும் திருப்பித் தராது.

பெட்டியின் பவர் பட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தடவை தட்டிவிட்டால் பெரும்பாலும் இயந்திரம் ஒழுங்காகவே நிற்கத் தொடங்கும், கெடு மட்டும் இருக்காது. நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அது சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியதற்குச் சமம். இயந்திரம் அடியோடு உறைந்து, கீபோர்டும் கேட்காமல் போனால் மட்டும் அதற்குப் போக வேண்டும்.

எங்கள் மெயின் சுவிட்சுக்கு மேல் இப்போது ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன். 'இதை இறக்கும் முன் மாடியில் கேளுங்கள், உள்ளே ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று கொட்டை எழுத்தில். கீழே என் போன் நம்பர். உங்கள் பள்ளியிலோ அலுவலகத்திலோ ஒரு சர்வரும் அதை நம்பிப் பல திரைகளும் இருந்தால், இப்படி ஓர் அட்டையை இன்றே எழுதி ஒட்டுங்கள். இரவுக் காவலரையும் பெருக்க வரும் அம்மாவையும் கூப்பிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.